ஃபத்ஹுல் முஈனும் துஹ்ஃபதுல் முஜாஹிதீனும்: ஓர் ஆசிரியர், இரு நூல்கள்

தமிழகக் கடலோரத்து ஷாஃபியீ ஊர்களில் மார்க்கக் கல்வி பயின்றோர்க்கு ‘ஃபத்ஹுல் முஈன்’ என்னும் கிதாபை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐயங்கார்குளம் அமைந்துள்ள காஞ்சிபுரம் வட்டாரத்திலும் வடஆர்க்காட்டிலும் ஹனஃபீ மத்ஹபே பெருவழக்கு. ஆதலின் குதூரியையும் ஹிதாயாவையும் அறிந்த அளவுக்கு இந்நூலை இப்பகுதியினர் அறியார். அதை ஓதியவர்களிலும் பலர், அதன் ஆசிரியர் ஒரு வரலாற்று நூலையும் யாத்தவர் என்பதைக் கருத்திற் கொள்வதில்லை. அவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அப்பெரியாரின் முழு உருவம் நமக்குப் புலப்படாது என்பது நம் துணிபு.

முதலில் ஒரு பெயர் மயக்கத்தை நீக்குவோம். பொன்னானியில் ஜைனுத்தீன் என்னும் பெயரில் இரு மக்தூம்கள் வாழ்ந்தனர். மூத்தவர் ஜைனுத்தீன் இப்னு அலீ (ஹிஜ்ரி 872-928, கி.பி. 1467-1522) கொச்சியில் பிறந்து பொன்னானியில் நிலைகொண்டவர், ‘ஹிதாயதுல் அத்கியா’ என்னும் தஸவ்வுஃப் செய்யுள் நூலை இயற்றியவர். நாம் பேசவந்த அஹ்மத் ஜைனுத்தீன் இவருடைய பேரர். முஹம்மத் கஸ்ஸாலியின் மகனார். பாட்டனாரின் பெயரோடு ‘அல்மஅபரீ’ என்னும் அடைமொழி வழங்குகிறது. மஅபர் என்பது சோழமண்டலக் கரைக்கு அரபியர் இட்ட பெயர். இக்குடும்பம் தமிழ்க்கரையிலிருந்து மலபாருக்குச் சென்றது என்னும் மரபுச் செய்தியை அந்த அடைமொழி இன்றும் தாங்கி நிற்கிறது. அரபு நாட்டு அச்சுப் பிரதிகளில் பேரரின் பெயர் ‘மலீபாரீ’ என்றே காணப்படுவதால், நம் கரைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பலர் கண்ணில் படுவதில்லை.

அஹ்மத் ஜைனுத்தீன் பொன்னானியில் தம் சிறிய தந்தை அப்துல் அஸீஸ் மக்தூமிடமும், பின்னர் மக்காவிலும் பயின்றார். ஃபத்ஹுல் முஈனில் ‘ஷைகுனா’ என்று அவர் குறிப்பிடுவது, மக்காவில் வாழ்ந்து ஹிஜ்ரி 974இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்களையே. தாயகம் திரும்பியபின் ‘குர்ரதுல் ஐன்’ என்னும் சுருக்கமான மத்னை எழுதி, அதற்குத் தாமே ஷரஹும் எழுதினார். அதுவே ஃபத்ஹுல் முஈன். அடைப்புக்குறிக்குள் மத்னும் வெளியே ஷரஹுமாக அச்சிடப்பட்ட பக்கத்தை இடைவிடாது வாசித்தால் இரண்டும் ஒரே வாக்கியமாக ஓடும். புதிய மாணவர் இதில் தடுமாறுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பிடிபட்டபின் அவர்களுக்கு ஏற்படும் மகிழ்ச்சியும் நாம் காண்பதே.

அமைப்பிலும் ஒரு துணிவு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் தஹாரத்தில் தொடங்குவதே வழக்கம். இவரோ தொழுகையில் தொடங்கி, தூய்மையை அதன் ஷர்த்துகளுள் ஒன்றாக உள்ளே கொண்டுவருகிறார். எது நோக்கம், எது அதற்கான வழி என்பதை முதற்பக்கமே உணர்த்திவிடுகிறது. ஹிஜ்ரி 982 ரமளான் 24, வெள்ளிக்கிழமை முற்பகலில் நூலை முடித்ததாக அவரே பதிந்துள்ளார், அது கி.பி. 1575 ஜனவரி 7.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இந்நூலை மக்காவின் ஹரம் ஷரீஃபில் பாடம் நடத்திய ஸையித் பக்ரீ (ரஹ்), அப்போது எழுதிய குறிப்புகளைத் தொகுத்து ‘இஆனதுத் தாலிபீன்’ என நான்கு பாகங்களாக ஆக்கினார். ஜாவாவைச் சேர்ந்த நவவீ பன்தனீ (ரஹ்) குர்ரதுல் ஐனுக்கு ‘நிஹாயதுஸ் ஸைன்’ என்னும் விரிவுரை வரைந்தார். மக்காவில் கற்றுத் திரும்பியவரின் நூல் மக்காவிலேயே பாடநூலாயிற்று. இந்தோனேசிய மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படுகிறது.

இனி ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’. பீஜப்பூர் சுல்தான் அலீ ஆதில் ஷாஹுக்குக் காணிக்கையாக்கப்பட்ட சிறுநூல் அது. ஜிஹாதின் சிறப்பு, மலபாரில் இஸ்லாம் பரவியமை, அந்நாட்டு இந்துக்களின் வழக்கங்கள், போர்ச்சுகீசியரின் கொடுமைகள் என நான்கு பகுதிகள். வாஸ்கோட காமா வந்திறங்கிய 1498 முதல் 1583 வரையிலான நிகழ்ச்சிகள் இடம்பெறுகின்றன. 1507இல் போர்ச்சுகீசியர் பொன்னானியைத் தாக்கினர். அந்த ஊரின் மதரிஸ் எழுதிய நூல் என்பதை மறந்து, முதற்பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்து மாற்றுச் சமயத்தார்மீதான பகையாகக் காட்டுவோர் உளர். பெருமையாகக் கருதி அவ்வாறே எடுத்தாளும் நம்மவரும் உளர். இரு சாராரும் அடுத்த பகுதிகளைப் புரட்டவில்லை. முஸ்லிமல்லாத மலபார் மன்னர்கள் ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் இடையூறு செய்யாததோடு, காழிகளுக்கும் முஅத்தின்களுக்கும் ஊதியம் வகுத்தனர் என்று அவர் நன்றியோடு பதிகிறார். கோழிக்கோட்டு சாமூதிரியின் பக்கம் நின்று போரிட அழைத்த நூல் அது. எதிரி, கடல்வழி வந்த ஆக்கிரமிப்பாளன்.

நம்மை மிகவும் கவர்வது இரண்டாம் பகுதியே. மலபார் மன்னர் ஒருவர் நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே சந்திரன் பிளந்ததைக் கண்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்னும் செய்தி மக்களிடையே பரவியிருந்தது. சேரமான் பெருமாள் கதை என்று நாம் அறிவது அதுவே. அதை ஏற்றுக்கொள்வதால் சமுதாயத்துக்குப் பெருமையே. மறுப்பதால் எவ்வித ஆதாயமும் இல்லை. எனினும், அக்காலத்தில் நடந்ததென்பதை அவர் ஏற்கவில்லை. ஹிஜ்ரி 200க்குப் பின்னரே நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதே தம் மேலான எண்ணம் என்று எழுதினார். ஃபிக்ஹில் வலுவான கருத்தையும் நலிந்த கருத்தையும் பிரித்தறியப் பழகிய அதே அளவுகோல், மக்கள் விரும்பும் கதைக்கும் வைக்கப்பட்டது.

இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் எஸ். முஹம்மத் ஹுஸைன் நயினார். வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகம், 1942இல். ஃபத்ஹுல் முஈன் ஓதும் வகுப்பில், நூலாசிரியர் அறிமுகமாக இரண்டு வரி சொல்லிக் கடப்பதற்குப் பதில், துஹ்ஃபாவின் அந்த இரண்டாம் பகுதியை அரபு மூலத்திலேயே மாணவருக்கு வாசிக்கக் கொடுக்கலாம். எளிய உரைநடைதான், இரண்டு பாடவேளை போதும்.