மூடுபனியில் தண்ணீர் பிடிக்கும் காடு

டயகமப் பக்கத்தில் தேயிலை மலைகள் முடிகிற இடத்துக்கு மேலே காடு கறுத்து நிற்கும். அதன் வழியே ஏறினால் ஹோட்டன் சமவெளி; கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். சுற்றுலா வருகிறவர்கள் உலக முடிவுப் பள்ளத்தைப் பார்க்கும் அவசரத்தில் இந்தக் காட்டைக் கடந்துவிடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டியது இதைத்தான்.

சிங்கராஜக் காட்டில் மரங்கள் நெடுநெடுவென உயரும். இங்கே கீன மரமும் நாவல் இன மரங்களும் முறுகி, குட்டையாக, குடை விரித்தாற்போல் நிற்கின்றன. ஓயாத காற்று, குளிர், வெயிலை மறைக்கும் மூடுபனி; வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். இலைகள் சிறியவை, தடித்தவை. கிளையெல்லாம் பாசி. அந்தப் பாசிக்கு நடுவே, மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று அசையாமல் இருக்கும். இலங்கை மலைகளைத் தவிர வேறெங்கும் அது கிடையாது.

மூடுபனியில் மிதக்கும் துளிகள் மிக நுண்ணியவை. மழையாய் விழும் எடை அவற்றுக்கு இல்லை. காற்று தள்ளிக்கொண்டு வரும்போது இலையிலும் பாசியிலும் மோதி ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்துச் சொட்டுகின்றன. மழையில்லாத காலையிலும் மரத்தடியில் நின்றால் தலை நனையும். பக்கத்துப் புல்வெளியில் அந்தச் சொட்டு இல்லை. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இலைகள் வெளியேற்றும் நீரும் குறைவு. இப்படிச் சேர்ந்ததைக் கறுத்த மட்கு மண் பிடித்துவைத்து, ஊற்றாக மெல்ல விடுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கே பிறக்கும் அக்ரா ஓயாவுடையது. மலையடித் தோட்டங்களில் லயத்துப் பீலியில் விழும் தண்ணீருக்கும் மேலே ஒரு காடு வேண்டும்.

கோப்பிக்காக மலை மலையாய் வெட்டிய காலத்தில் இதுவும் போயிருக்கும். கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொட வேண்டாம் என்று 1873இல் அறிவுறுத்தினார். அரசு வெட்டுவதற்குத் தடை போட்டது. அந்த உயரத்துக்கு மேலும் தேயிலை ஏறியதை நுவரெலியாவில் பார்க்கிறோம். ஆனாலும் அந்தத் தடை இல்லாவிட்டால் இன்று பேச எதுவும் மிஞ்சியிருக்காது என்றே நினைக்கிறேன். ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

கோடரி நின்றும் மரங்கள் சாகின்றன. பல பத்தாண்டுகளாக நுனிக் கிளையிலிருந்து பட்டுக்கொண்டே வந்து, கூட்டங்கூட்டமாக எலும்பாய் நிற்கின்றன. வறட்சி, மண், காற்று மாசு என ஆய்வாளர்கள் பல காரணங்களைத் தேடுகிறார்கள். இலை உதிர்ந்த மரம் பிடிக்கும் பனி குறைவு. அதன் கீழே மண்ணும் வெயில் பட்டுக் காய்கிறது. அந்த இடத்தில் நட்ட கன்று வேர்பிடிக்கவே சிரமப்படுகிறது.