தோழி வீட்டு அலமாரியில் இருந்த நூல்

இரவு செபமாலை முடிந்து, பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்த பின்னர், அடுப்பங்கரையைக் கழுவித் துடைத்துவிட்டு அரைமணி நேரம் ஏதேனும் ஒரு நூலை வாசிப்பது நமது நெடுநாளைய வழக்கம். குடும்பப் பெண்களுக்கு வாசிக்க நேரமேது என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. உண்மையில் நமக்கும் நேரம் கிடைப்பதில்லை, திருடித்தான் கொள்ளுகிறோம். இவ்வாண்டுத் தவக்காலத்தில் அவ்வாறு திருடிய நேரத்தில் நாம் வாசித்தது புனித எடித் ஸ்டைன் அம்மையாரின் வரலாறு. தொட்டிலிலேயே நோன்பிருந்த புனிதர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கடவுளே இல்லை என்பதுபோல் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண் பீடத்திற்கு உயர்த்தப்பட்ட வரலாறு வியப்பளித்தது. அதைவிட, அப்பெண்ணைக் கடவுளிடம் அழைத்துச் சென்றவர்கள் பெரும்பாலும் அவருடைய தோழியரே என்பது நம் உள்ளத்தைத் தைத்தது. தைத்ததற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

எடித் 1891ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், அன்று ஜெர்மனியைச் சார்ந்ததும் இன்று போலந்து நாட்டில் உள்ளதுமான பிரெஸ்லாவு நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் கடைக்குட்டி. அவருக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தை இறந்துபோக, தாய் அவுகுஸ்தா மர வாணிகத்தைத் தாமே ஏற்று நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அத்தாய் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். மகளோ பதினைந்து வயதளவில் செபிப்பதையே அறிந்து தெரிந்து கைவிட்டார். பின்னர் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற தத்துவப் பேராசிரியர் எட்மண்ட் ஹுஸ்ஸெர்லிடம் பயின்று, முதல் உலகப் போரின்போது 1915இல் சில மாதங்கள் செஞ்சிலுவைச் சங்கத் தாதியாகவும் பணியாற்றி, 1916இல் பிரைபுர்க்கில் டாக்டர் பட்டத் தேர்வில் மிகச் சிறப்பாகத் தேறினார். ஒருவர் உள்ளத்தின் உணர்வை மற்றவர் எவ்வாறு அறிந்துகொள்கிறார் என்பதே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள்.

அவ்வாண்டிலே நிகழ்ந்த ஒரு சிறு செய்தி. தோழி பவுலின் ரைனாக்குடன் பிராங்க்பர்ட் நகரைச் சுற்றிப் பார்க்கையில் எடித் அங்குள்ள பேராலயத்தில் நுழைந்தார். பூசை ஏதும் நடைபெறாத நேரம். கையில் சந்தைக் கூடையுடன் ஒரு பெண் உள்ளே வந்தார். முழந்தாளிட்டுச் சற்று நேரம் செபித்தார். எழுந்து தம் வழியே போனார். இவ்வளவுதான். தாம் அறிந்த யூதச் செபக்கூடங்களுக்கும் புரோட்டஸ்டண்டு ஆலயங்களுக்கும் மக்கள் வழிபாட்டு வேளையில் மட்டுமே சென்றதைக் கண்டிருந்த எடித்திற்கு, அன்றாட அலுவலின் நடுவே நெருங்கிய ஒருவருடன் பேசிவிட்டுப் போவதுபோல் ஒரு பெண் வெறுங்கோவிலுக்குள் வந்துபோனது முற்றிலும் புதுமையாயிருந்தது. அதைத் தம்மால் மறக்கவே முடியவில்லை என்று அவர் தம் நினைவுகளில் எழுதி வைத்திருக்கிறார். அப்பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. வீட்டில் உலை காத்திருக்க, கத்தரிக்காய் வாங்கிய பையோடு கோவிலில் தலைகாட்டிவிட்டுப் போகும் நம் பங்குப் பெண்கள் இச்செய்தியை ஒரு முறைக்கு இரு முறை வாசிக்கலாம்.

1917 நவம்பரில் பவுலினின் சகோதரரும் எடித்தின் ஆசிரியருமான அடோல்ஃப் ரைனாக் பிளாண்டர்ஸ் போர்முனையில் மாண்டார். ரைனாக்கும் அவர் துணைவி அன்னாவும் அதற்கு முந்தின ஆண்டுதான் லூத்தரன் சபையில் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். கணவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளை ஒழுங்குபடுத்தித் தருமாறு அன்னா எடித்தை அழைத்தார். எடித்திற்கோ போக அச்சம். கணவனை இழந்து நிற்பவளிடம் என்ன பேசுவது? கடவுளையும் மறுவாழ்வையும் நம்பாத தாம் எந்த ஆறுதலைச் சொல்வது? பிறர் உணர்வை அறிவதைப் பற்றி நூலே எழுதிய பேரறிஞர், ஒரு கைம்பெண்ணின் வாசற்படியை மிதிக்கத் தயங்கினார்! ஆயினும் போனார். போன இடத்தில் தாம் எதிர்பார்த்த நொறுங்கிய உள்ளத்தை அவர் காணவில்லை. துயரம் இருந்தது, அத்துயரத்தின் உள்ளேயே அமைதியும் இருந்தது. சிலுவையின் ஆற்றலை முதன்முதலாகக் கண்கூடாகக் கண்டது அவ்வீட்டில்தான் என்றும், தம் அவநம்பிக்கை அன்றே உடைந்தது என்றும் எடித் பின்னாளில் கூறினார். ஆறுதல் கூறப் போனவர் ஆறுதல் பெற்றுத் திரும்பினார்.

இப்பக்கத்தை வாசித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பள்ளி நாள் முதல் நம்முடன் பழகிய தோழி ஒருவர் நான்கு தெரு தள்ளி வசிக்கிறார். பொங்கலுக்குப் பின் அவர் கணவர் திடீரென இறந்துபோனார். அடக்கத்திற்குப் போனோம், முப்பதாம் நாள் திருப்பலிக்கும் போனோம். அதன்பின் போகவில்லை. பிள்ளைகளுக்குத் தேர்வு என்றோம், விருந்தினர் வருகை என்றோம். அவை யாவும் பொய்யல்ல. ஆனால் அவை காரணமும் அல்ல. அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பதே காரணம். ஒருநாள் கடைத்தெருவில் அவர் வருவதைக் கண்டு, வேண்டாத கீரைக்கு விலை கேட்பவர்போல் வண்டியோரம் திரும்பி நின்றோம். அவர் பார்த்தாரா என்பது தெரியாது. அவர் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று பிறர் சொல்லக் கேட்டபோதும் போகவில்லை. செபத்தில் நினைத்துக்கொண்டோம். அது எளிது.

மறுநாள் காலை போனோம். தோழி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நாமும் அருகில் அமர்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டோம். நெடுநேரம் பேச்சில்லை. பின்னர் அவரே, "எல்லாரும் ஆண்டவருடைய சித்தம் என்கிறார்கள். நீயும் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாயோ என்று பயந்தேன்" என்றார். "இல்லை, இத்தனை நாள் வராமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றோம். அவர் அழுதார், நாமும் அழுதோம். புறப்படும்போது, பையில் என்ன புத்தகம் என்று கேட்டார்.

எடித்தின் வாழ்வைத் திருப்பிய புத்தகம் எது என்பதைப் பலரும் அறிவர்: அவிலா புனித தெரேசம்மாள் தம் வாழ்வைப் பற்றித் தாமே எழுதிய நூல். 1921ஆம் ஆண்டுக் கோடையில் அது கைக்குக் கிட்டியது என்றும், உண்மையான விசுவாசத்தைத் தேடிய நெடும்பயணம் அத்துடன் முடிந்தது என்றும் எடித் சுருக்கமாக எழுதியுள்ளார். பெர்க்சாபெர்ன் என்ற சிற்றூரில், பழத்தோட்டம் வைத்திருந்த தோழி ஹெட்விக் கொன்ராட் மார்ட்டியுஸ் இல்லத்தில், தற்செயலாக எடுத்த நூலை ஒரே இரவில் வாசித்து முடித்தார் என்று சொல்வது வழக்கம். ஆனால் அந்நூல் ரைனாக் இல்லத்து அலமாரியிலிருந்து எடித் தெரிந்தெடுத்தது என்று, பின்னர் துறவறம் பூண்ட பவுலின் உறுதியாகச் சாட்சி கூறியிருக்கிறார். ஒரே இரவுக் கதையைவிட இதுவே நமக்கு இனிக்கிறது. எந்த வீட்டிற்குள் நுழைய அவர் நடுங்கினாரோ, அந்த வீட்டின் அலமாரியிலேயே அவருக்குரிய நூல் காத்திருந்தது.

தெரேசம்மாளும் வாசிப்பில் வளர்ந்தவரே. சிறுமியாயிருந்தபோது தம் தாயுடன் சேர்ந்து, தந்தைக்குத் தெரியாமல், வீரர்களின் காதல் கதைகளை விழுந்து விழுந்து வாசித்ததை அவரே ஒளிக்காமல் சொல்லுகிறார்! பின்னர் புனித அகுஸ்தீனாரின் நூலை வாசித்துக் கண்ணீர் விட்டார். செபத்தைப் பற்றி அவர் கூறும் விளக்கம் மிக எளியது: நம்மை அன்பு செய்கிறார் என்று நாம் அறிந்திருக்கும் ஒருவருடன் அடிக்கடி தனித்திருந்து பழகும் நட்பே செபம். அவ்வழியில் அடியெடுத்து வைப்போர் தனித்து நில்லாமல், அதே வழியில் நடக்கும் நண்பர்களைத் தேடிக்கொள்ள வேண்டும் என்றும் அவர் வற்புறுத்துகிறார். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவிக்கப்பட்ட முதல் பெண் இவரே.

1922 ஜனவரி முதல் நாள் எடித் பெர்க்சாபெர்ன் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். ஞானத்தாயாக நின்றவர் ஹெட்விக். அவர் கத்தோலிக்கர் அல்லர், புரோட்டஸ்டண்டு. அதற்கு ஆயரின் தனி அனுமதி பெறப்பட்டது. ஹெட்விக்கின் வெண்ணிறத் திருமண மேலாடையே எடித்தின் திருமுழுக்கு ஆடையாயிற்று. தோழி தன் சபைக்கு வரவில்லையே என்று ஹெட்விக் முகம் சுளிக்கவில்லை. வீட்டில் தாய் அவுகுஸ்தாவோ இச்செய்தி கேட்டு அழுதார். அந்தக் காயம் அவர் சாகும்வரை ஆறவில்லை. இதை மறைத்துவிட்டு எடித்தின் வரலாற்றை எழுதுவது சரியன்று.

எஞ்சியவை பலரும் அறிந்தவை. ஷ்பெயர் நகரில் எட்டாண்டு ஆசிரியப்பணி. 1933இல் கொலோன் கார்மேல் மடம். 1938 இறுதியில் ஹாலந்திலுள்ள எக்ட் மடம். 1942 ஆகஸ்டு 2ஆம் நாள் உடன்பிறந்தவர் ரோசாவுடன் கைது. ஆகஸ்டு 9ஆம் நாள் ஆஷ்விட்ஸில் மரணம். 1998இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. இடையில் வெஸ்டர்போர்க் முகாமில் அவரைக் கண்டு உயிர்தப்பிய ஒருவர் கூறிய செய்தியை மட்டும் இங்கே குறிக்கிறோம். துயரத்தால் நிலைகுலைந்த தாய்மார் தம் குழந்தைகளையே மறந்திருக்க, எடித் அக்குழந்தைகளைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டு உணவூட்டினாராம். தத்துவ நூல்கள் எழுதிய கை அது.

இப்போது வாரத்தில் இரு நாள், பிற்பகலில், நாம் தோழி வீட்டிற்குப் போகிறோம். தெரேசம்மாளின் நூலை நாம் வாசிக்க அவர் கேட்கிறார். சில நாள் கேட்பதில்லை, கணவரைப் பற்றியே பேசுகிறார். அன்று நாம் கேட்கிறோம். ஞாயிறு திருப்பலிக்கு அவர் இன்னும் வரவில்லை. வரும்படி நாம் சொல்லவும் இல்லை. நூலை அவரிடமே விட்டுவிட்டு வருகிறோம். சென்ற வாரம் எடுத்துப் பார்த்தபோது, கணவரின் நினைவுத் திருப்பலி அட்டை அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது. நாம் நிறுத்திய இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பக்கம் தள்ளி. நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல், காப்பி கலக்க எழுந்து போனார்.