பே-ஸ்லிப்பில் மாசம் 135 ரூபாய் போகுதா? வருஷம் முடியறதுக்குள்ள இதையெல்லாம் செக் பண்ணுங்க!

உங்கள் மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பே-ஸ்லிப்பில் இ.எஸ்.ஐ என்ற வரியில் 135 ரூபாய் பிடித்திருப்பார்கள். ஒரு பிரியாணி காசு. அதனாலேயே அந்த வரியை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. ஆனால் அதே மாதம் உங்கள் பெயரில் கம்பெனி 585 ரூபாய் கட்டுகிறது. இரண்டையும் சேர்த்தால் மாதம் 720, வருஷத்துக்கு 8,640 ரூபாய்.

இருங்காட்டுக்கோட்டையில் கார், சுங்குவார்சத்திரத்தில் செல்போனும் ஃப்ரிட்ஜும், ஒரகடத்தில் லாரி, டயர், புல்லட் என ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் பார்ப்பவர்களில் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். "நமக்கென்ன வயசாச்சு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக?" என்ற நினைப்பு இருக்கும். இ.எஸ்.ஐ என்றாலே கே.கே. நகர் வரை போய் கியூவில் நிற்பதுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், இ.எஸ்.ஐ வெறும் ஆஸ்பத்திரி இல்லை. உடம்பு முடியாமல் லீவு போட்டால் சம்பளத்தில் ஒரு பங்கை உங்கள் பேங்க் கணக்கில் போடும் திட்டமும் அதுதான். அந்தப் பணம் கிடைக்குமா, கிடைக்காதா என்ற கணக்கு டிசம்பர் 31-ல் மாறுகிறது. அதனால்தான் இப்போதே பார்த்துவிடுங்கள் என்கிறோம்.

ஜனவரி 1-ல் என்ன மாறுது?

இ.எஸ்.ஐ வருஷத்தை இரண்டு ஆறு மாதங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை நீங்கள் கட்டிய சந்தாவுக்கு, அடுத்து வரும் ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பலன். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை கட்டியதற்கு, ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை பலன்.

அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சம்பளத்துக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் – செப்டம்பரில் 78 நாள் இல்லையென்றால், வரும் ஜனவரியில் டெங்கு வந்து படுத்தாலும் லீவு நாளுக்குப் பணம் வராது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அக்டோபர் – மார்ச் கணக்கும் முக்கியம். இதில் சம்பளமில்லா லீவு நிறைய விழுந்தால், அடுத்த ஜூலையில்தான் அடி தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பணப் பலன், சேர்ந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் தொடங்கும்.

78 நாள் எங்கே காணாமல் போகுது?

இந்தப் பகுதியில் காண்ட்ராக்ட்டில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். ஆறு மாதம் ஓர் ஏஜென்சி, அடுத்த ஆறு மாதம் வேறொன்று. கம்பெனி மாறும்போது, பழைய இ.எஸ்.ஐ எண்ணைச் சொல்லாமல் விட்டால், புது ஏஜென்சி புதிதாக ஓர் எண் போட்டுவிடும். அப்போது ஓர் எண்ணில் 50 நாள், இன்னொரு எண்ணில் 60 நாள் என்று கணக்கு பிரிந்து கிடக்கும். நீங்கள் வேலை பார்த்தது 110 நாள். ஆனால் எந்த எண்ணிலும் 78 இல்லை!

உங்களுடைய பத்து இலக்க இன்ஷூரன்ஸ் எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். எந்த கம்பெனிக்குப் போனாலும் அதையே கொடுங்கள். இரண்டு எண் இருப்பது தெரிந்தால், ஆதாரை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்துக்குப் போய் சரிசெய்யக் கேளுங்கள்.

பே-ஸ்லிப்பில் பணத்தைப் பிடித்துவிட்டு ஏஜென்சி கட்டாமல் விட்டிருந்தால்? காண்ட்ராக்ட் ஆட்களுக்கான சந்தாவுக்கும் முதன்மை முதலாளி, அதாவது நீங்கள் வேலை பார்க்கும் அந்த ஆலைதான் பொறுப்பு. "ஏஜென்சியைக் கேளுப்பா" என்ற பதிலோடு திரும்பி வர வேண்டியதில்லை. பே-ஸ்லிப்பை பத்திரமாக வைத்திருங்கள், அதுதான் உங்கள் ஆதாரம்.

பத்து நாள் படுத்தால் எவ்வளவு வரும்?

தினச் சம்பளம் சராசரியாக 600 ரூபாய் என்றால், அதில் 70%, அதாவது 420 ரூபாய் ஒரு நாளைக்கு. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆக, பத்து நாள் லீவுக்கு 8 x 420 = 3,360 ரூபாய். வருஷத்துக்கு 91 நாள் வரை இப்படி வாங்கலாம். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தது போன்ற நிபந்தனைகளோடு, 80% வரை கிடைக்கும்.

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். காய்ச்சல் வந்ததும் ரூமுக்குப் பக்கத்தில் இருக்கிற தனியார் கிளினிக்கில் ஊசி போட்டு, அங்கேயே ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கி சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுவார்கள். லீவு கிடைத்துவிடும், பணம் வராது. இ.எஸ்.ஐ டாக்டர் தரும் சான்றிதழ் இருந்தால்தான் பணம். அதனால் உடம்பு முடியாத முதல் நாளே இ.எஸ்.ஐ மருந்தகத்தில் காட்டிவிடுங்கள்.

பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் உண்டு. இதற்குத் தேவை 78 நாள் இல்லை. முந்தைய இரண்டு சந்தா காலத்தையும் சேர்த்து 70 நாள் போதும். கருச்சிதைவு ஆனாலும் ஆறு வாரம் உண்டு. இதை எச்.ஆர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் நாளிலிருந்தே கிடைப்பவை

சிகிச்சைக்கு 78 நாள் கணக்கெல்லாம் கிடையாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே வெளிநோயாளி சிகிச்சை, மருந்து எல்லாம் உண்டு.

வேலையில் அடிபட்டாலும் அப்படித்தான். கை மெஷினில் சிக்கினாலோ, வேலைக்குப் போகும் வழியில் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் பைக் சறுக்கினாலோ, குணமாகும் வரை தினச் சம்பளத்தில் 90% தர வேண்டும். வழியில் நடக்கும் விபத்து, வேலைக்காகப் போனபோது நடந்ததுதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். எனவே அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லி, விபத்து அறிக்கை போடச் சொல்லுங்கள். "சின்ன அடிதானே" என்று விட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

ஹாஸ்டலில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2021 டிசம்பரில் பூந்தமல்லியில், ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. பிறகு 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. தங்குமிடம் மாறலாம், ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுக்கும்போது உங்கள் இ.எஸ்.ஐ எண் போனில் இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது. இ-பெஹ்சான் அட்டையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள்.

ஊர்ல இருக்கிற அப்பா, அம்மா?

உங்களை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் இதே எண்ணில் சிகிச்சை உண்டு. அவர்களுடைய மாத வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. நீங்கள் ஒரகடத்தில், அவர்கள் விழுப்புரத்திலோ தருமபுரியிலோ இருந்தால், அவர்களுக்கு ஊருக்குப் பக்கத்தில் உள்ள மருந்தகத்தைத் தனியாகத் தேர்வு செய்யலாம். பெயரும் ஆதாரும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்குள் இதை முடித்துவிட்டால் நல்லது.

21,000 தாண்டிட்டீங்களா?

இ.எஸ்.ஐ உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். ஓ.டி பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது. நடுவில் இன்கிரிமென்ட் வந்து தாண்டினாலும், அந்தச் சந்தா காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும். நவம்பரில் ஏறினால், மார்ச் 31 வரை நீங்கள் இ.எஸ்.ஐ-யில்தான் இருக்கிறீர்கள். கம்பெனி பிடித்தத்தை உடனே நிறுத்தியிருந்தால் கேளுங்கள்.

அதற்குப் பிறகு கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ்தான் துணை. அதில் மூன்று கேள்வி கேளுங்கள்: பாலிசி எந்தத் தேதியில் முடிகிறது? பெற்றோர் சேர்ந்திருக்கிறார்களா? இலவச ஹெல்த் செக்கப் உண்டா? செக்கப் இருந்தால் பாலிசி முடிவதற்குள் போய்வாருங்கள். பெரும்பாலும் அது அடுத்த வருஷத்துக்கு எடுத்துச் செல்ல முடியாத சலுகை.

அப்ரென்டிஸ் சட்டப்படி பயிற்சியில் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ கிடையாது. ஆனால் வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தரும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு.

லீவும் ஒரு ஹெல்த் பெனிஃபிட்தான்

தொழிற்சாலைகள் சட்டப்படி, ஜனவரி முதல் டிசம்பர் வரை 240 நாள் வேலை பார்த்தால், 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த வருஷம் சம்பளத்தோடு லீவு. எடுக்காததில் 30 நாள் வரைதான் முன்னே கொண்டுபோக முடியும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு, 240 நாளை 180 ஆகக் குறைத்திருக்கிறது. வருஷக் கடைசியில் கேட்டால், மீதி லீவைப் பணமாகத் தரவும் சொல்கிறது. உங்கள் ஆலையில் எந்தக் கணக்கு, மீதி எத்தனை நாள் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். நைட் ஷிப்ட்டில் கண் எரிந்துகொண்டு வேலை பார்ப்பவருக்கு நாலு நாள் நிம்மதியான தூக்கத்தைவிட நல்ல மருந்து எது?

செக்கப் பண்ணாங்க... ரிப்போர்ட் எங்கே?

ரசாயனம், பெயின்ட் என ஆபத்தான செயல்முறையில் இருப்பவர்களுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை கட்டாயம். வேன் வரும், ரத்தம் எடுப்பார்கள், காது டெஸ்ட் செய்வார்கள், அதோடு மறந்துபோகும். அந்தப் பதிவைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. போன வருஷ ரிப்போர்ட்டையும் இந்த வருஷ ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் காது மந்தமாகிறதா, நுரையீரல் பலவீனமாகிறதா என்று தெரியும். தமிழக அரசு 2024 ஜனவரியில் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஆலைகளுக்கே வந்து பி.பி., சுகர் பார்க்கிறார்கள். உங்கள் ஆலைக்கு வந்தால் நழுவ விடாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. உமங் செயலியிலோ இ.எஸ்.ஐ இணையதளத்திலோ, ஏப்ரல் – செப்டம்பருக்கு எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.
2. பே-ஸ்லிப்பில் உள்ள எண்ணும் உங்கள் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா?
3. ஆதார், பேங்க் கணக்கு, குடும்பத்தார் பெயர் எல்லாம் சரியாக உள்ளதா?
4. மீதி இ.எல். எத்தனை நாள்?
5. ஏதாவது இடித்தால் எச்.ஆருக்கு வாட்ஸ்அப், இமெயில் என எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் இ.எஸ்.ஐ-யின் கட்டணமில்லா எண் 1800-11-2526.

இதெல்லாம் கம்பெனி பஸ்ஸில் ரூமுக்குத் திரும்பும் நேரத்தில் போனிலேயே பார்த்துவிடக்கூடிய வேலைதான். பக்கத்து சீட்டில் இருப்பவர் புதிதாகச் சேர்ந்தவர் என்றால், அவருடைய எண்ணையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.