நேத்து ஓடினது இன்னைக்கும் ஓடணும்

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் நான் வாடிக்கையாகப் போகும் ஜெராக்ஸ் கடை ஒன்று இருக்கிறது. பட்டா, சிட்டா, ஹால் டிக்கெட், ஆதார் நகல், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் என்று காலை முதல் இரவு வரை ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறுகளில் கோயில் கூட்டமும் சேர்ந்துவிடும். அன்றைக்கு அரை மணி நேரம் கம்ப்யூட்டர் படுத்தாலும் கடைக்காரருக்கு நஷ்டம்தான்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். அவருடைய மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பென் டிரைவ் வழியாக வந்த வைரஸால் கடைக் கம்ப்யூட்டர் நொந்துபோன ஒரு நாளில், அந்தப் பெண்தான் லேப்டாப்பைக் கொண்டுவந்து பாஸில் பிரின்ட் எடுத்துக் காட்டினாள். பிறகு கடை மெஷினில் நான் டெபியனைப் போட்டுக் கொடுத்தேன். அப்போது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “தம்பி, புதுசா எனக்கு எதுவும் வேணாம். நேத்து ஓடினது இன்னைக்கும் ஓடணும். அவ்ளோதான்.”

டெபியன்காரர்கள் ‘ஸ்டேபிள்’ என்று சொல்வதும் இதைத்தான். அந்த ஒரு சொல்லுக்காக உலகமெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைக்கிறார்கள்.

டெபியன் 1993 ஆகஸ்ட் 16 அன்று தொடங்கியது. தொடங்கியவர் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். உபுண்டு இதிலிருந்து கிளைத்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-ல் முதன்முதலாக வெளியிட்ட பாஸும் இதன் மேல் கட்டியதே. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13-இல் 69,830 பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் தொகுப்புகள், இருக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 146 கோடி வரி நிரல்.

பேக்கேஜ் ஒவ்வொன்றையும் எங்கோ யாரோ எழுதுகிறார்கள். ஒருவர் வாரம் ஒரு மாற்றம் செய்வார், இன்னொருவர் மூன்று வருடம் தொடவே மாட்டார். யாரும் யாருக்கும் மேலதிகாரி கிடையாது. இவ்வளவையும் ஒரே நாளில், ஒன்றோடொன்று மோதாமல், “இந்தாருங்கள்” என்று எப்படிக் கொடுப்பது?

கோயில் திருப்பணியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கருவறையில் வேலை நடக்கும் மாதங்களில் பாலாலயத்தில் பூஜை தொடரும். கும்பிட வருகிறவர் யாரும் திரும்பிப் போவதில்லை. டெபியனிலும் ‘ஸ்டேபிள்’ ஒரு பக்கம் மக்களுக்கு உழைத்துக்கொண்டிருக்க, அடுத்த பதிப்பின் வேலை வேறிடத்தில் நடக்கிறது. புதிதாக வரும் எதுவும் முதலில் போய்ச் சேரும் இடம் ‘அன்ஸ்டேபிள்’. அதன் செல்லப் பெயர் சிட். டெபியன் பதிப்புகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படப் பாத்திரங்களின் பெயர்கள்தான். அதில் பொம்மைகளை உடைத்துப் போடும் பக்கத்து வீட்டுப் பையன் சிட். அங்கே எது வேண்டுமானாலும் உடையலாம். அதற்கு அடுத்த இடம் ‘டெஸ்டிங்’. அடுத்த ஸ்டேபிள் உருவாவது அங்கேதான்.

சிட்டிலிருந்து டெஸ்டிங்குக்குப் போக ஒரு வாசல் உண்டு. அங்கே காவல் நிற்பது பிரிட்னி என்ற நிரல். வந்த பேக்கேஜ் அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள் சிட்டில் காத்திருந்ததா? அதற்குள் யாராவது பெரிய பழுது என்று புகார் கொடுத்தார்களா? ஆதரவுள்ள எல்லா வகைச் சிப்புகளுக்கும் அது சரியாகக் கட்டப்பட்டதா? அதற்குத் தேவையான மற்ற பேக்கேஜ்கள் டெஸ்டிங்கில் இருக்கின்றனவா? ஒன்று குறைந்தாலும் கதவு திறக்காது.

இதில் கஷ்டமான சங்கதி நூலகங்கள். படம் திறக்க, எழுத்தைக் காட்ட, கோப்பைச் சுருக்க என்று நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துண்டுகள் இவை. கேஸ் சிலிண்டரின் வால்வு அளவை நாளைக்கு மாற்றினால் என்ன ஆகும்? வீட்டுக்கு வீடு ரெகுலேட்டர் மாற வேண்டும், அதுவும் ஒரே நாளில். நூலகத்தின் வடிவம் மாறினால் அதை நம்பியிருக்கும் அத்தனை பேக்கேஜ்களையும் திரும்பக் கட்டி, எல்லாவற்றையும் ஒன்றாக வாசல் தாண்டவைக்க வேண்டும். டெபியன் 13-க்காக இப்படி ஒரு பெரிய வேலை நடந்தது. 32 பிட் கணினிகள் பல, நேரத்தை எண்ணும் முறையால் 2038-இல் தடுமாறிவிடும். இப்போதே அதைச் சரிசெய்ய நூலகங்களைக் கூட்டம் கூட்டமாக மாற்றினார்கள். இன்று பெரும்பாலோர் கண்ணில் படாத ஒரு பழுதுக்காக, பத்து வருடத்துக்கும் மேல் முன்னாடியே செய்த வேலை அது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

இப்படி ஓடிக்கொண்டே இருந்தால் எதுவும் முடியாது. ஒரு நாள் “போதும்” என்று சொல்ல வேண்டும். அதுதான் ஃப்ரீஸ். டெபியன் 13-க்கு அது நான்கு படியாக வந்தது. 2025 மார்ச் 15 முதல் நூலகங்களின் வடிவத்தில் பெரிய மாற்றம் கூடாது. ஏப்ரல் 15 முதல் சின்னத் திருத்தங்கள் மட்டும். மே 15 முதல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. ஜூலை 27 முதல் எதுவாக இருந்தாலும் வெளியீட்டுக் குழுவில் ஒரு ஆள் படித்துப் பார்த்துச் சரி சொன்னால்தான் உண்டு.

அந்தக் கடைசிக் கட்டத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். “இந்தத் திருத்தத்தை விடுங்கள்” என்று கேட்கிறவர் காரணத்தைச் சொன்னால் மட்டும் போதாது. பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று வரிக்கு வரி காட்டும் கோப்பையும் இணைக்க வேண்டும். நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. வேறு நாட்டில், பகல் வேலையை முடித்து வீட்டுக்கு வந்த ஒருவர் அதை மேலிருந்து கீழாகப் படிப்பார். பழுது நான்கு வரியில் தீர்ந்துவிட, போகிற போக்கில் இன்னும் நாற்பது வரியை அழகுபடுத்தி அனுப்பியிருந்தால், “நான்கு வரி மட்டும் போதும், திரும்ப அனுப்புங்கள்” என்று பதில் வரும். அழகாக எழுதிய நல்ல நிரலை “இப்போது வேண்டாம்” என்று திருப்பி அனுப்புவதற்கு மனத்திடம் வேண்டும். என் கணக்கில், ஒரு வெளியீட்டின் தரத்தைத் தீர்மானிப்பது இந்த மறுப்புகள்தான்.

சிலவற்றை வெளியிலேயே விட்டுவிட வேண்டியும் வரும். கடுமையான பழுது தீராமல் கிடக்கிற பேக்கேஜ், வேறு முக்கியமான எதுவும் அதை நம்பியில்லை என்றால், முன்னறிவிப்புக் கொடுத்துத் தானாகவே டெஸ்டிங்கிலிருந்து நீக்கப்படும். கவனிப்பாரற்ற பேக்கேஜை நம்பி மக்கள் ஐந்து வருடம் ஓட்டுவதைவிட அது இல்லாமலிருப்பது நல்லது என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்குதான், ஆனால் அதைப் பயன்படுத்தி வந்தவருக்கு வலிக்கும்.

இத்தனை வாசலும் காத்திருப்பும் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்வேன். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் டெபியன் சிட்டில் ஒரு தரவுத்தள மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழக்கத்தைவிடத் தாமதிப்பதைக் கவனித்தார். ஏறக்குறைய 0.3 விநாடியில் முடிய வேண்டியது 0.8 ஆகியிருந்தது. இந்த அரை விநாடியைப் பிடித்துக்கொண்டு தோண்டியவருக்கு, கோப்பைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ நூலகத்துக்குள் ஒளித்து வைத்த கள்ளச்சாவி கிடைத்தது. வைத்தவர், புனைபெயரில் இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து, தனியாளாகச் சோர்ந்துபோயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். கெட்டுப்போன பதிப்பு சிட்டுக்குள் வந்திருந்தது, டெஸ்டிங்குக்குள்ளும் போயிருந்தது. ஸ்டேபிளுக்குள் மட்டும் போகவில்லை. மாங்காட்டு ஜெராக்ஸ் கடைக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் காரணம் இதுதான். பிரிட்னியின் சோதனைகள் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காத்திருந்த நேரத்தில் ஒரு மனிதரின் கண்ணில் பட்டது.

தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஃப்ரீஸ் ஒன்றும் உண்டு. திரையில் வரும் சொற்களை இனி மாற்றக்கூடாது என்ற நிறுத்தம். டெபியனை நிறுவும்போது முதல் திரையிலேயே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். வெறும் எழுத்துத் திரையில் தமிழ் எழுத்து சரியாக உட்காராது என்பதால், படத்திரை வழியாக நிறுவினால்தான் தமிழ் கிடைக்கும். அதற்கான மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்தால் மேலே ஆங்கில வரி, கீழே தமிழ் வரி என்று ஜோடி ஜோடியாகப் போகும். ஆங்கில வரியில் நிரலாளர் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்தாலும், கோப்பைப் புதுப்பிக்கும்போது அந்தத் தமிழ் வரிக்கு மேல் ‘ஃபஸ்ஸி’ என்று குறி விழும். மூலம் மாறிவிட்டது, யாராவது பாருங்கள் என்று பொருள். யாரும் பார்க்காமல் விட்டால் அந்த இடத்தில் தமிழ் வராது, ஆங்கிலம்தான் வரும். ஒரு புள்ளியால் ஒரு தமிழ் வரி காணாமல் போகும்! அதனால்தான், “இன்றோடு சொற்கள் மாறாது, இத்தனை நாள் அவகாசம்” என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வாக்குறுதி தேவைப்படுகிறது.

தமிழுக்கென்று தனிச் சிக்கலும் இருக்கிறது. ஆங்கில வரியில் பேக்கேஜின் பெயர் வரும் இடத்தில் ஒரு குறி மட்டும் இருக்கும், பெயரை ஓடும்போது கணினி நிரப்பிக்கொள்ளும். நமக்கோ பெயரோடு வேற்றுமை உருபு ஒட்ட வேண்டும். ‘ஐ’ சேரும்போது உகரம் கெடும், உடம்படுமெய் வரும். கணினிக்கு அந்தப் புணர்ச்சி தெரியாது. அதனால், “இன்ன பெயருள்ள தொகுப்பை நிறுவுகிறது” என்று உருபைத் ‘தொகுப்பு’ மேல் ஏற்றிவிடுவார்கள். இலக்கணம் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை இதில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

இந்த வேலையில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். டெபியன் 12-இன் ஃப்ரீஸ் 2023 ஜனவரி 12 அன்று தொடங்கியது. அடுத்த படி பிப்ரவரி 12. இரண்டுக்கும் நடுவில், ஜனவரி 28, 29 தேதிகளில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் என்ற சிறிய டெபியன் மாநாடு கூடியது. அங்குள்ள லினக்ஸ் பயனர் குழுவினர் முன்னின்று நடத்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் உலக டெபியன் மாநாடு கொச்சிக்கு வந்தது. இந்தியாவில் அது நடந்தது அதுவே முதல் முறை.

வெளியீட்டு நாளை முன்கூட்டியே குறித்து வைப்பதில் டெபியனுக்கு நீண்ட தயக்கம் உண்டு. தயாரானதும் வரும் என்பதுதான் பழைய பதில். 2002 ஜூலையில் வந்த பதிப்புக்கு அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது, மக்கள் களைத்துப் போனார்கள். பிறகுதான், வெளியீட்டுக்கு நாள் குறிக்காவிட்டாலும் ஃப்ரீஸுக்கு நாள் குறிப்பது என்று முடிவானது. அவசரத்தால் வந்த கேடும் அவர்களுக்குத் தெரியும். 1995 இறுதியில் ஒரு சிடி நிறுவனம், முடியாத பதிப்பை எடுத்து ‘டெபியன் 1.0’ என்று அச்சடித்து விற்றுவிட்டது. அது சரியாக ஓடாத பதிப்பு. குழப்பம் வேண்டாமென்று டெபியன் அந்த எண்ணையே விட்டுவிட்டு, 1996-இல் 1.1 என்று வெளியிட்டது. முடியாத பதிப்புக்கு எண் கொடுக்காமல் பொம்மைப் பெயர் கொடுக்கும் வழக்கம் அப்போது வந்ததுதான்.

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. டெஸ்டிங்காக இருந்த டெபியன் 13, அதாவது ‘ட்ரிக்ஸி’, ஸ்டேபிள் ஆனது. அதுவரை ஸ்டேபிளாக இருந்த டெபியன் 12, ‘புக்வார்ம்’, பழைய ஸ்டேபிள் ஆனது. அடுத்ததற்கு ‘ஃபோர்கி’ என்று பெயர்ப் பலகை மாட்டினார்கள். நிறுவும் கோப்புகள் சிப்பு வகைக்கு ஏற்பக் கட்டப்பட்டு வெளிவர வெளிவர, தன்னார்வலர்கள் ஆளுக்கொன்றாக எடுத்து நிறுவிப் பார்த்தார்கள். வட்டைப் பூட்டி நிறுவினால் வேலை செய்கிறதா, பார்வையற்றவர் குரல் வழியாக நிறுவ முடிகிறதா என்றெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் கையொப்பமிட்டு உலகமெங்கும் உள்ள நகல் சர்வர்களுக்கு அனுப்பினார்கள்.

நான் உடனே கடைக்கு ஓடவில்லை. செப்டம்பர் 6 அன்று முதல் திருத்தப் பதிப்பான 13.1 வரட்டும் என்று இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். முதலில் வாடிக்கையாளர் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்தேன். பிறகு ஒரு சிறிய கோப்பைத் திறந்து ‘புக்வார்ம்’ என்று இருந்த இடங்களில் ‘ட்ரிக்ஸி’ என்று மாற்றினேன். அந்தப் பக்கம் இரண்டு வருட உழைப்பு, இந்தப் பக்கம் ஒரு பெயர் மாற்றம். ஆயிரத்துச் சொச்சம் பேக்கேஜ்கள் இறங்கி, ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. கடைக்காரர் டீ வாங்கி வந்தார். மெஷினை மறுபடி போட்டதும் அவரே ஒரு ஆதார் நகலை அனுப்பினார். பிரின்டர் இழுத்துக்கொண்டு வெளியே தள்ளியது.

“அவ்ளோதானா தம்பி? எல்லாம் அப்படியேதானே இருக்கு?”

“ஆமாண்ணே, அப்படியேதான்.”

மூலையில் அவர் இன்னும் வைத்திருக்கும் பழைய 32 பிட் நெட்புக்கைக் காட்டி, “இதுக்கும் போட்டுடு” என்றார். டெபியன் 13-இல் அந்த வகை மெஷினுக்கு நிறுவும் கோப்பு இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இல்லை. சொன்னேன். “அப்ப அது பழசுலயே இருக்கட்டும்” என்று துணி போட்டு மூடி வைத்தார்.