சாயம் சொல்லும் சேதி

கல்யாண வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். உடனே தண்ணீர் சிவந்துவிடும். சுண்ணாம்பு ஒரு காரப் பொருள். (இது மிளகாயின் காரம் அல்ல.) காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அதிலேயே எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். எலுமிச்சையின் புளிப்பு ஓர் அமிலம்.

இதேபோல நிறம் மாறும் இன்னொரு சாயம் உண்டு. அதன் பெயர் பீனால் சிவப்பு. காரத்தில் அது இளஞ்சிவப்பாக இருக்கும். அமிலத்தில் மஞ்சளாகும். இந்தச் சாயத்தை வைத்து நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். அதன் கிருமியை 1882-இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டறிந்தார். அன்று முதல் சளியைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து வருகிறார்கள். ஒரு மில்லி சளியில் பல ஆயிரம் கிருமிகள் இருந்தால்தான் அதில் தெரியும். குறைவாக இருந்தால் தப்பிவிடும். "நோய் இல்லை" என்று நம்பி வீடு திரும்பியவர் இருமிக்கொண்டே இருப்பார். வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும். கிருமியை வளர்த்தும் பார்க்கலாம். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

காசநோய்க் கிருமிக்குள் டி.என்.ஏ. என்ற நூல் போன்ற பொருள் இருக்கிறது. நமக்குக் கைரேகை போல, கிருமிக்கு அது அடையாளம். ஆனால் மிக மிக நுண்ணியது. அதைக் கோடிக்கணக்கில் நகல் எடுத்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

பி.சி.ஆர். என்ற முறையில் திரும்பத் திரும்பச் சூடாக்கி, ஆறவைத்து நகல் எடுப்பார்கள். 2000-இல் ஜப்பான் விஞ்ஞானிகள் 'லேம்ப்' என்ற முறையை வெளியிட்டார்கள். விளக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் ஏறக்குறைய 65 டிகிரி என்ற ஒரே சூடு போதும்.

சிறு குழாயில் நகல் எடுக்கும் பொருள்களும் சாயமும் இருக்கும். காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் மட்டும் ஒட்டும் சிறு துண்டுகளும் இருக்கும். அவை ஒட்டினால் நகல் பெருகத் தொடங்கும். நகல் வளர வளர, துளித்துளியாக அமிலம் உண்டாகும். அரை மணி நேரத்தில் இளஞ்சிவப்பு மஞ்சளாகிவிடும். கிருமி இல்லையென்றால் நிறம் மாறாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாயத்துக்குக் கிருமியைத் தெரியாது. அமிலத்தைத்தான் தெரியும். சோதிக்கும் பொருளிலேயே அமிலம் இருந்தால், கிருமி இல்லாமலே மஞ்சளாகலாம். சோதனையைச் சரிபார்க்கக் கூடவே இரண்டு குழாய்கள் வைக்கிறார்கள். ஒன்றில் கிருமியின் டி.என்.ஏ. இருக்கும். மற்றதில் வெறும் தண்ணீர். தண்ணீர்க் குழாயும் மஞ்சளானால் சோதனை செல்லாது. முடிந்த குழாயைத் திறக்கவும் கூடாது. உள்ளே உள்ள நகல்கள் பரவி, அடுத்தவர் குழாயில் கலந்துவிடும்.

காசநோய்க்கான லேம்ப் சோதனை ஒன்றை 2016-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதில் இருப்பது வேறு சாயம். கிருமி இருந்தால், புற ஊதா விளக்கின் கீழ் அது பச்சையாக ஒளிரும். நோய் உண்டா என்று அது சொல்லும். எந்த மருந்து வேலை செய்யாது என்று சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

நம் நாட்டில் ட்ரூநாட் என்ற கருவி பயன்படுகிறது. இதைத் தயாரிப்பது கோவாவைச் சேர்ந்த நிறுவனம். இதிலும் ஒளிரும் சாயம்தான். கண்ணுக்குப் பதில் கருவியே அந்த ஒளியைப் படிக்கிறது. ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குக் கிருமி அடங்குமா என்றும் இதில் தனியாகப் பார்க்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சோதிப்பார்கள். அங்கே வாயில் ஊறும் எச்சிலைத் தரக்கூடாது. ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வரும் சளியைத் தர வேண்டும். கிருமி அதில்தான் இருக்கும்.