196 கிலோ பைக் மணலில் சரிந்தால்... முதல்முறை ஆஃப்ரோடு போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

லடாக் செல்லும் பலரின் தேர்வு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. இதன் எடை 196 கிலோ. தார் ரோட்டில் இந்த எடை பெரிதாகத் தெரியாது. மணலிலும் சரளைக்கல்லிலும் இறங்கும்போதுதான் சிக்கலே.

ஏன் நின்றபடி ஓட்டுறாங்க?

ஃபுட்ரெஸ்ட்டில் நின்று, டேங்கை முழங்கால்களால் அணைத்துக்கொண்டால், பள்ளத்தில் பைக் ஆடினாலும் உடல் நிலையாக இருக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பார்வை முன்சக்கரத்தில் அல்ல, போக வேண்டிய பாதையில் இருக்கணும்.

மணலில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால்?

எடை முன்பக்கம் சாய்ந்து, முன்டயர் மணலில் புதையும். முன்பிரேக்கை சட்டென அழுத்தினாலும் இதேதான். ஆக்சிலரேட்டரை சீராகக் கொடுத்தால் தடுமாற்றம் குறையும்.

சரிய ஆரம்பித்துவிட்டால்?

காலை ஊன்றித் தாங்கப் பார்க்காதீங்க. அவ்வளவு எடையை ஒரு கால் தாங்காது. கணுக்கால் அடியில் மாட்டிக்கொள்ளும். பைக்கை விட்டு விலகிடுங்க.

எப்படி தூக்குவது?

இன்ஜினை அணைத்து, கியரில் போடுங்க. வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைப் போட்டு வைங்க, இல்லைன்னா தூக்கியதும் மறுபக்கம் சாயும். பைக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்பை வளைக்காமல் கால் பலத்தில் பின்னோக்கி நடந்து தூக்கணும்.

இதையெல்லாம் மலையில் போய் பழகாமல், புறப்படும் முன்பே காலி மைதானத்தில் பழகிக்கொள்வது நல்லது.