விதைநெல்லும் ஹீலியம் வாயுவும்

எவ்வளவு பசி வந்தாலும் விதைநெல்லை அவித்து உண்ணக் கூடாது என்பதை வயல் செய்யும் எவருக்கும் நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. காணி இழந்த ஒரு குடும்பத்தின் கைக்கு வரும் நட்டஈட்டுப் பணமும் விதைநெல்லைப் போன்றதே. அது ஒரு தடவைதான் வரும். சரியான இடத்தில் விழுந்தால் மறுபடி ஒரு வயலாகவோ, ஒரு சோடி கறவைப் பசுவாகவோ, மகளுக்கு ஒரு வீடாகவோ முளைக்கும். தவறான இடத்தில் விழுந்தால் வைக்கோலும் மிஞ்சாது.

அட்டாளைச்சேனைப் பிரதேசத்தில் இத்தகைய குடும்பங்கள் பல உள்ளன. ஒலுவில் துறைமுகத்துக்காகக் காணி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். துறைமுகம் எழுந்த பின்னர் கடலரிப்பினால் தென்னந்தோப்பை இழந்தவர்களும் இருக்கிறார்கள். 2004 ஆம் ஆண்டுச் சுனாமியில் வீடு வாசலை விட்டு எழுந்து வந்தவர்களும் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். இவர்களின் கையில் சிறிது பணம் சேர்ந்ததும் நாலா பக்கமிருந்தும் ஆலோசனைகள் வருகின்றன. வட்டியை விலக்கும் குடும்பங்களுக்கு நிலையான வைப்பில் மனம் ஒப்புவதில்லை. ஆகவே சிலர் நகை வாங்குகிறார்கள், சிலர் சீட்டுக் கட்டுகிறார்கள். இப்போது கைத்தொலைபேசி வழியாகப் புதியதொரு பேச்சும் வீட்டுக்குள் வருகிறது. பூமிக்கடியில் ஹீலியம் வாயுவைத் தேடும் கம்பனிகளின் பங்குகள் பற்றிய பேச்சு அது.

ஒரு வீட்டில் இப்படி ஓர் உரையாடல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் கட்டாரில் வேலை செய்கிறான்.

“வாப்பா, வீட்டு வேலைக்கு நான் அனுப்புற காச ஆறு மாசத்துக்கு நிப்பாட்டுறன். கூரை வேலைய நட்டஈட்டுக் காசுல செய்ங்க. என்ட காசுல நான் பங்கு வாங்கிப் போடுறன்.”

“என்ன கம்பனி மகன்?”

“ஹீலியம் தேடுற கம்பனி வாப்பா. ஆபிரிக்காவுல நிலத்துக்குள்ள இரிக்காம். இப்ப மலிவு. வாயு வந்தா பத்து மடங்கு.”

“வராட்டி?”

மகனிடமிருந்து பதில் இல்லை. இந்த “வராட்டி” என்ற ஒரு சொல்லுக்கு விடை தேடுவோம்.

ஹீலியம் என்பது என்ன?

ஐதரசனுக்கு அடுத்தபடியாக மிக இலேசான வாயு ஹீலியம். அது எரியாது. திருவிழாப் பலூனில் அடைப்பதற்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். பெரிய வைத்தியசாலைகளில் உடலின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் கடுங்குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். அக்குளிரைத் தருவது திரவ ஹீலியம். அது கொதிப்பதே பூச்சியத்துக்குக் கீழே 269 பாகையில். கணனிகளின் நுண்சில்லுகள் செய்யவும், உலோகங்களை ஒட்டவும், விண்வெளி ஏவுகலங்களுக்கும் இது தேவைப்படுகிறது.

இவ்வாயுவின் முதல் அடையாளம் 1868 ஓகஸ்ட் 18 ஆம் திகதி சூரிய கிரகணத்தின்போது தென்னிந்தியாவிலிருந்து காணப்பட்டது. குண்டூரில் நின்று அதை ஆராய்ந்தவர் ஜான்சன் என்ற பிரெஞ்சு அறிஞர். பூமியிலும் அது உண்டு என்பதை 1895 இல் இங்கிலாந்தில் வில்லியம் ராம்சே நிறுவினார். நமது நாட்டுக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. 1904 இல் தோரியனைற்று என்ற பாரமான கருநிறக் கனியம் இலங்கைக் கல்லிலிருந்து உலகுக்கு அறிமுகமானது. அதன் மாதிரிகளை ஆய்வுக்கு அனுப்பியவர் இலங்கைக் கனியவள ஆய்வின் முதற் பணிப்பாளரான ஆனந்த குமாரசுவாமி. அக்கல்லைச் சூடாக்கியபோது ஹீலியம் வெளிவந்தது.

காரணம் எளியது. யுரேனியம், தோரியம் ஆகியவை பாறைக்குள் மெல்ல மெல்லச் சிதையும்போது ஹீலியம் பிறக்கிறது. ஆகவே பழைய பாறை உள்ள இடமெல்லாம் அது சிறிதளவு உண்டு. ஆனால் உண்டு என்பது வேறு, அள்ளலாம் என்பது வேறு. மழை எங்கும்தான் பெய்கிறது. அணைக்கட்டு உள்ள இடத்தில்தான் சேனாநாயக்க சமுத்திரம் நிற்கிறது. அதுபோலவே பாறையிலிருந்து வெளியேறும் ஹீலியம் மேலெழுந்து, அதைத் தடுக்கும் இறுக்கமான படை ஒன்றின் கீழ் தேங்கியிருக்க வேண்டும். இதுவோ மிக நுண்ணிய வெடிப்பினூடும் தப்பியோடும் வாயு. கட்டில் சிறு நண்டுவளை இருந்தாலும் குளம் வற்றிப்போவதை நாம் அறிவோம்.

எரியாத வாயுவின் கதை

1903 இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் துளைத்த ஒரு கிணற்றிலிருந்து பெருஞ்சத்தத்துடன் வாயு பீறிட்டது. ஊர் கொண்டாடியது. ஆலைகள் வரும், காணி விலை ஏறும் என்று கனவு கண்டார்கள். விழா எடுத்து, எரியும் வைக்கோல் கட்டு ஒன்றை வாயுவின் அருகே கொண்டுபோனார்கள். வாயு எரியவில்லை. தீதான் அணைந்தது. திரும்பத் திரும்ப முயன்றும் பலனில்லை. கூட்டம் தலைகுனிந்து கலைந்தது. 1905 இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த வாயுவில் 1.84 வீதம் ஹீலியம் இருப்பதைக் கண்டார்கள். இன்று அது பெருஞ்செல்வம். அன்று அதை வாங்க ஆளில்லை. நிலத்துக்குள் பொருள் இருந்தும், நம்பிப் பணம் போட்டவருக்கு அந்த நேரத்தில் அது உதவவில்லை.

தன்சானியாவில் நடந்தது

2016 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கிழக்கு ஆபிரிக்காவின் தன்சானியா நாட்டில் பெருமளவு ஹீலியம் இருக்கலாம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஒக்ஸ்போர்ட், டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஹீலியம் வன் என்ற கம்பனியுடன் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் டிவீனா தனபாலன் என்ற ஆய்வு மாணவி. அங்குள்ள வெந்நீரூற்றுகளில் குமிழியிட்டு வந்த வாயுவைச் சோதித்தே இந்த முடிவுக்கு வந்தார்கள். எரிமலையின் வெப்பம் பழைய பாறைகளிலிருந்து ஹீலியத்தை விடுவித்திருக்கிறது என்பது அவர்களின் விளக்கம். ருக்வா பள்ளத்தாக்கின் ஒரு பகுதியில் 5,400 கோடி கன அடி இருக்கலாம் என்பது மதிப்பீடு. “இருக்கலாம்” என்ற சொல்லைக் கவனியுங்கள்.

2020 டிசம்பரில் இக்கம்பனி இலண்டன் பங்குச் சந்தையின் சிறு கம்பனிகளுக்கான பிரிவில் சேர்ந்தது. ஒரு பங்கு 2.84 பென்சுக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டு துளையிடும் செய்தி வந்ததும் விலை பல மடங்கு ஏறியது. சிறு முதலீட்டாளர்கள் பலர் அந்த ஏற்றத்தைக் கண்டே வாங்கினார்கள். 2021 இல் 1,100 மீற்றர் வரை முதற் கிணறு துளைக்கப்பட்டது. ஹீலியத்தின் சுவடு தெரிந்தது. ஆனால் விற்கத்தக்க வாயு பாயவில்லை. விலை சரிந்தது. 2023 இறுதியில் அது அரைப் பென்சுக்கும் கீழே நின்றது. முதல் விலைக்கு ஓர் இலட்சம் ரூபா பெறுமதியான பங்கு வாங்கியவரிடம் அப்போது மிஞ்சியது 18,000 ரூபாவுக்கும் குறைவு. உச்ச விலையில் வாங்கியவரின் நிலை இதனினும் மோசம்.

கதை அத்துடன் முடியவில்லை. 2024 பெப்ரவரியில் இட்டும்புலா என்ற இடத்தில் துளைத்த கிணற்றிலிருந்து மேலே வந்த வாயுவில் 4.7 வீதம் ஹீலியம் இருப்பதாக அறிவித்தார்கள். இது உயர்ந்த அளவே. கட்டாரின் இயற்கை வாயுவில் இருப்பது ஏறத்தாழ 0.04 வீதம்தான். தமிழ்நாட்டில் குத்தாலத்தில் சோதனை ஆலை வைத்துப் பிரித்த இயற்கை வாயுவிலும் ஹீலியம் மிகச் சிறிதளவே இருந்தது. தன்சானியச் செய்தி வந்ததும் பங்கு விலை மீண்டும் பாய்ந்து ஏறிப் பின்னர் இறங்கியது. 2025 இல்தான் சுரங்க உரிமம் கிடைத்தது. முதல் அறிவிப்புக்கும் உரிமத்துக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள், அதாவது பதினெட்டுப் போகங்கள்.

ஆகவே நம்பினவர்களை ஏமாளிகள் என்று ஏளனம் செய்ய முடியாது. கம்பனி பணத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை, துளையிட்டது. ஹீலியமும் உண்மையாகவே இருந்தது. 2024 தொடக்கத்தில் மலிவாக வாங்கிச் சில வாரங்களில் விற்றவர் இலாபம் கண்டார். ஆனாலும் பலர் நட்டமடைந்தார்கள். ஏன்?

வாயு வேறு, பங்கு வேறு

முதலாவது, பங்கு மெலிந்து போகிறது. இருவருக்குச் சொந்தமான நான்கு ஏக்கர் வயலில் கிணறு வெட்டப் பணமில்லை என்று மேலும் இருவரைச் சேர்த்தால், இரண்டு ஏக்கர் வைத்திருந்தவருக்கு ஓர் ஏக்கர்தான். கிணறு வெட்டியும் தண்ணீர் போதாமல் மறுபடி நால்வரைச் சேர்த்தால் அரை ஏக்கர். வருமானம் இல்லாத ஆய்வுக் கம்பனி ஒவ்வொரு கிணற்றுக்கும் புதிய பங்குகளை விற்றே பணம் திரட்டுகிறது. தன்சானியாவிலும் இப்படியே பங்குகளின் தொகை பல மடங்கு பெருகியது. நல்ல செய்தி வந்தாலும் பழைய பங்காளிக்குக் கிடைப்பது சிறு துண்டு.

இரண்டாவது, நிலத்தின் சொந்தக்காரரான நாட்டுக்கும் பங்கு உண்டு. 2017 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி தன்சானிய அரசு சுரங்கக் கம்பனியில் குறைந்தது 16 வீதத்தைப் பணம் கொடாமலே பெறுகிறது. அந்நாட்டு மக்களைப் பொறுத்தவரை இது நியாயமானதே. காணியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் நின்ற அனுபவம் நமக்கும் உண்டல்லவா? ஆனால் பங்கு வாங்குபவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, எடுப்பதற்கே செலவு உண்டு. ருக்வாவில் ஹீலியம் நிலத்தடி வெந்நீருடன் கலந்தே வருகிறது. நீரை இறைத்து, வாயுவைப் பிரித்து, சுத்தமாக்கி, தூரத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான்காவது, விலை நம் கையில் இல்லை. கட்டார் உலகின் பெரிய ஹீலியம் உற்பத்தி நாடுகளுள் ஒன்று. 2017 இல் அயல்நாடுகள் அதன் எல்லையை மூடியபோது ஆலைகள் சில வாரங்கள் நின்று உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. பெரிய ஆலைகள் நன்றாக ஓடினால் சந்தை நிரம்பி விலை இறங்கும். நெல் விலைக்கும் இதே விதிதான்.

கண்டுபிடிப்புக்கும் விற்பனைக்கும் உள்ள தூரத்தை நம் நாட்டிலேயே பார்க்கலாம். 2011 இல் மன்னார்க் கடலில் கெயார்ன் கம்பனி இயற்கை வாயுவைக் கண்டது. பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. 2015 இல் அக்கம்பனி விலகிச் சென்றது. அந்த வாயு இன்னும் கடலடியிலேயே கிடக்கிறது. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகமும் அப்படித்தான். வாயிலை மணல் மூடியது. எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை.

இடையில் நிற்பவர்

கம்பனி உண்மையானதாக இருந்தாலும் அதன் பெயரைச் சொல்லி ஊரில் பணம் சேர்ப்பவர் உண்மையானவராக இருக்க வேண்டியதில்லை. “என்னிடம் தாருங்கள், நான் வாங்கித் தருகிறேன், மாதம் இத்தனை வீதம் நிச்சயம்” என்று சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. பங்கில் நிச்சயம் என்று ஒன்று கிடையாது. 2023 இல் எம்.ரி.எப்.ஈ. போன்ற திட்டங்களைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என இலங்கை மத்திய வங்கி அறிவிக்க நேர்ந்தது. வெளிநாட்டு வியாபாரம், தினசரி இலாபம், ஆள் சேர்த்தால் மேலதிகப் பணம் என்ற பேச்சுகளால் மக்கள் அதில் ஈர்க்கப்பட்டிருந்தார்கள்.

முடிவெடுக்கும் முன் வீட்டிலும், குழுக் கூட்டத்திலும் இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. இக்கம்பனி இதுவரை ஏதாவது விற்றிருக்கிறதா, அல்லது தேடிக்கொண்டே இருக்கிறதா?
2. அடுத்த கிணற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும்? புதிய பங்கு விற்றா?
3. பங்கு யாருடைய பெயரில் பதியப்படும்? நம் பெயரிலா, இடைத்தரகரின் பெயரிலா?
4. முழுப் பணமும் போனால் இந்த வருடம் விதைப்புக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் என்ன செய்வோம்?
5. அந்தப் பணம் உண்மையில் யாருடையது?

கடைசிக் கேள்வி நம் பகுதியில் முக்கியமானது. இங்கு வீடும் காணியும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகின்றன. ஆகவே நட்டஈடு வந்த காணி பல வீடுகளில் உம்மாவுடையது. ஆனால் பங்கு பற்றிய பேச்சு வாப்பாவுக்கும் மகனுக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது.

நாம் சொன்ன அந்த வீட்டில் வாப்பா தொலைபேசியை உம்மாவிடம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். உம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“மகன், கிணறு தோண்ட வாற ஆளுக்குத் தண்ணி வந்தாலும் கூலி, வராட்டியும் கூலி. நமக்கு?”

“இல்ல உம்மா...”

“உன்ட உழைப்புல மிஞ்சுறத நீ விரும்பினதுல போடு. போனாலும் படிச்ச மாதிரி இரிக்கட்டும். வீட்டுக் காச நிப்பாட்டாத. காணிட காசு காணிக்குத்தான் போகணும். தங்கச்சிட வீட்டுக் கூரை இந்த மாரிக்கு முன்னம் முடியணும்.”

மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “ஓட்டுக்கு எவ்வளவு முடியும் உம்மா?”